நுவெல்ட்டின் ஏரியில் பெரிய பைக்: எந்தக் கிழமை, என்ன சாமான்?

கரைவலை:
அடுத்த வருஷம் நாங்கள் நான்கு பேர் கனடாவின் மனிரோபா மாகாணத்து வடக்கு எல்லையில் இருக்கிற நுவெல்ட்டின் ஏரிக்குப் போகிறோம். றோட்டு இல்லை, விமானத்தில் மட்டும் போகக்கூடிய லொட்ஜ். நால்வரும் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஏரிகளில் பாஸ், வோலை மீன்கள் பிடிக்கிற ஆக்கள். பெரிய பைக் (நீள உடம்பும் கூரிய பல்லும் உள்ள நன்னீர் மீன்) புதுசு. இரண்டு கிழமைதான் காலியாம்: ஜூன் கடைசி, அல்லது ஓகஸ்ட் முதலாவது. குறி 40 அங்குலத்துக்கு மேலே ஒன்று. ஆளுக்கு 50 றாத்தல் சாமான், தடியும் அதற்குள்தான். எந்தக் கிழமையை எடுக்கலாம்? கையில் இருக்கிற, 20 றாத்தல் இழுவை தாங்கும் பிரெய்ட் (பின்னல் நூல்) காணுமா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கோ.

விரால்வேட்டை:
தலைப்புல 'பைக்'னு பார்த்துட்டு லடாக் ட்ரிப் போலன்னு உள்ள வந்தேன். பரவாயில்ல, இதுவும் நம்ம ஏரியாதான். 20 பவுண்டு பிரெய்ட் வேண்டாம், அதை அப்புறம் பேசுவோம். முதல்ல வாரத்தை முடிவு பண்ணுங்க. அதை வச்சுதான் மத்ததெல்லாம் மாறும்.

வெள்ளிக்கரண்டி:
ஜூன் கடைசி. காரணம் தண்ணீரின் வெப்பம்.

கரையோர ஐஸ் விலகினவுடனேயே பைக் முட்டையிடும். தண்ணீர் 4 முதல் 10 பாகை செல்சியஸுக்குள், போன வருஷத்துப் புல் மூழ்கிக் கிடக்கிற ஆழமில்லாத குடாக்களில். முட்டையிட்ட பிறகும் பெரிய பெட்டைகள் உடனே வெளியே போகாது (40 அங்குலத்தைத் தாண்டினது அநேகமாக எல்லாம் பெட்டைதான்). பெரிய ஏரி இன்னும் 4, 5 பாகையில் கிடக்கும்போது குடாவுக்குள் பின்னேரத்தில் 12, 14 என்று ஏறும். அந்தச் சூட்டுக்காக அவை இடுப்பளவு தண்ணீரில் விறகுக்கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். ஆளைப் பார்த்து எறிகிற மீன்பிடி அப்போதுதான் கிடைக்கும்.

எல்லாக் குடாவும் சரிவராது. வடக்குக் கரையில், தெற்கு வெயில் விழுகிற மாதிரி இருக்கவேண்டும். அடியில் கறுத்த சேறு வேண்டும். வெள்ளை மணல் சூட்டைப் பிடிக்காது. வாய் ஒடுங்கியிருந்தால் வெளியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே தள்ளாது. ஒரு சிற்றாறு வந்து விழுந்தால் இன்னும் நல்லது. லொட்ஜ் படகுகள் பலவற்றில் தண்ணீரின் வெப்பத்தையும் காட்டுகிற ஆழமானி இருக்காது, அதனால் நீச்சல்குளத்துக்கு விற்கிற மிதக்கும் வெப்பமானி ஒன்றைக் கயிறு கட்டிக் கொண்டுபோங்கள். இரண்டு பாகை வித்தியாசத்துக்காக ஒரு குடாவை விட்டு அடுத்த குடாவுக்குப் போவது நேர விரயம் இல்லை.

காலையில் குடாவுக்குள் போய் ஒன்றும் இல்லை என்று திரும்புகிறவர்கள் அதிகம். இரவு முழுக்க ஆறின தண்ணீர் அது. காலையில் லேக் ட்ரௌட் பிடியுங்கள். பின்னேரம் 2 மணியிலிருந்து 6 மணிவரை குடாவுக்குள் நில்லுங்கள். அந்த அகலாங்கில் ஜூன் கடைசியில் இருட்டுவதே பெயருக்குத்தான், அவசரம் தேவையில்லை.

நீலக்கொக்கு:
ஜூனுக்கு மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். நுவெல்ட்டின் 60ஆம் அட்சரேகையை ஒட்டின ஏரி. வொலாஸ்டன், ரெயின்டீர் மாதிரி சஸ்காச்சுவான் ஏரிகளைவிட ஐஸ் தாமதமாத்தான் போகும். பின்தங்கின வருஷத்துல ஜூன் கடைசியிலகூட பெரிய நீர்ப்பரப்புல ஐஸ் மிதக்கும். காத்து அதைத் தள்ளிட்டு வந்து நீங்க போகணும்னு நினைச்ச குடாவோட வாயை அடைச்சிடும். முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி லொட்ஜ்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: கடந்த 5 வருஷத்துல ஐஸ் போன தேதி என்ன? சொல்லத் தயங்கினா யோசிக்கணும்.

ஆகஸ்ட்டை நான் ஏன் விடமாட்டேன்னா, எடை. முட்டையிட்டு முடிச்ச மீன் ஒல்லியா இருக்கும். நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்துல எடுத்து, நீளம் × சுற்றளவு × சுற்றளவு, அதை 800ஆல வகுத்தா பவுண்டு கணக்கு ஏறக்குறைய வரும். 44 அங்குல மீன், சுற்றளவு 18ன்னா 17.8 பவுண்டு. அதே மீன் கோடை முழுக்கத் தின்னு 20 ஆச்சுன்னா 22 பவுண்டு. நீளந்தான் கணக்குன்னா ஜூன் போங்க. எடைன்னா ஆகஸ்ட்.

ஆனா ஆகஸ்ட்ல ஜூன் மாதிரி குடாவுக்குள்ள தேடாதீங்க. அங்க முழங்கை நீளக் குட்டிங்கதான் இருக்கும். பெருசுங்க குடாவுக்கு வெளியில, 2 முதல் 4 மீட்டர் ஆழத்துல, அகல இலைப் பாசி முடிஞ்சு ஆழம் தொடங்கற ஓரத்துல நிக்கும். பாறைத் திட்டுப் பக்கத்துல பாசியும் இருந்தா அதுதான் முதல் இடம்.

வெள்ளிக்கரண்டி:
நீலக்கொக்கு சொல்வது சரி. ஐஸ் தேதி கேட்கவேண்டியதுதான். ஆனால் முதன்முறை போகிற நால்வருக்கு, கண்ணால் மீனைப் பார்த்து எறிகிற ஜூன்தான் கூடப் படிப்பிக்கும் என்பது என் கட்சி. இன்னொன்று: வடக்குக் காற்று அடித்து, குடா ஒரே இரவில் 3 பாகை இறங்கினால் மீன் ஏரி முழுக்கச் சிதறாது. குடாவின் வாயைத் தாண்டி முதல் சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே போய் 2, 3 மீட்டரில் படுக்கும். கரண்டியை (கரண்டி வடிவ உலோகத் தூண்டில்) அங்கே அடிக்கு விட்டு மெதுவாக இழுங்கள். வெயில் திரும்பினால் மறுநாள் பின்னேரம் மீனும் திரும்பும்.

கரைவலை:
ஜூன்தான் என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்கள். ஐஸ் தேதியைக் கேட்டு மின்னஞ்சல் போட்டாயிற்று. இனிச் சாமான்.

விரால்வேட்டை:
தடி: 7 அடியிலிருந்து 7½ அடி, மீடியம்-ஹெவி (ஓரளவு விறைப்பானது), பெய்ட்காஸ்டர் (வீசும்போது ஸ்பூலே சுத்தற ரீல்). ஆளுக்கு ரெண்டு. ரெண்டு துண்டா பிரியறதா இருக்கட்டும். நாலு பேர் தடியையும் ஒரே குழாய்க்குள்ள போட்டா எடை பங்காயிடும். குழாயோட நீளம் என்ன வரை ஏத்துவாங்கன்னு முன்கூட்டியே கேளுங்க. சின்ன ஃப்ளோட் ப்ளேன்ல (தண்ணியில இறங்கற விமானம்) நீளக் குழாய் ஏறாது. உருட்டுற சூட்கேஸும் வேண்டாம், துணி டஃபல் பைதான் சந்து பொந்துல அடங்கும்.

நூல்: 50 அல்லது 65 பவுண்டு பிரெய்ட். மீன் அறுத்திடும்ங்கறதுக்காக இல்ல. 20 பவுண்டு நூல்ல 1 அவுன்ஸ் தூண்டிலை வீசும்போது ரீல்ல ஒரு சின்னச் சிக்கல் விழுந்தாலே நூல் துப்பாக்கி மாதிரி வெடிச்சு, தூண்டில் மட்டும் பறந்து போயிடும். பிரெய்ட் சுத்தறதுக்கு முன்னாடி ஸ்பூல்ல 10 மீட்டர் மோனோ (ஒற்றை இழை நைலான் நூல்) சுத்துங்க. இல்லேன்னா மொத்த நூலும் ஸ்பூல் மேலயே வழுக்கிட்டு சுத்தும், டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கற பிரேக்) கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க. டிராக்கைத் தராசு கொக்கியில மாட்டி இழுத்துப் பார்த்து 8 முதல் 10 பவுண்டுல வைங்க.

லீடர் (நூலுக்கும் தூண்டிலுக்கும் நடுவுல கட்டற, பல்லு அறுக்காத துண்டு) கட்டாயம். வாய் நம்ம சீலா மீன் வாய் மாதிரி, அண்ணத்துலகூட உள்நோக்கிச் சாஞ்ச பல்லு. நான் சொல்றது 12 அங்குல டைட்டானியம், 40 அல்லது 50 பவுண்டு. பிளாஸ்டிக் பூசின 7 இழை எஃகுக் கம்பி விலை கம்மி, ஆனா ஒரு பெரிய மீன் உருண்டு புரண்டா பன்றி வால் மாதிரி சுருண்டுக்கும். அப்புறம் கரண்டி நேரா நீந்தாது.

நீலக்கொக்கு:
தெளிஞ்ச தண்ணியில அசையாம கிடக்கற மீனுக்கு எறியும்போது லீடரா 80 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நூல்) நல்லாவே வேலை செய்யும். மெதுவா மிதக்கற தூண்டிலோட மூக்கைக் கம்பி கீழ இழுத்திடும், இது இழுக்காது.

விரால்வேட்டை:
வேலை செய்யும்ங்க, ஒத்துக்கறேன். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் விரல்ல தடவிப் பார்த்து, சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டு புதுசு கட்டற பொறுமை இருக்கணும். ஒரு நாளைக்கு முப்பது மீன் கடிக்கற இடத்துல அந்தப் பொறுமை மதியத்துக்குள்ள தீர்ந்துடும். கடைசியில தூண்டிலை வாயில கவ்விட்டுப் போற மீன்தான் பாவம்.

எது கட்டினாலும் ஸ்னாப்பை (லீடர் நுனியில தூண்டிலை மாட்டற கம்பி வளையம்) மட்டும் மலிவா வாங்காதீங்க. ஊக்கு மாதிரி ஒரு பக்கம் மட்டும் மாட்டறது 15 பவுண்டு மீன் தலையை உதறும்போது விரிஞ்சுடும். கம்பி முனை திரும்பி வந்து தன் மேலயே பூட்டிக்கற வகையா பாருங்க.

வெள்ளிக்கரண்டி:
தூண்டில்கள் பற்றி. 40 கரண்டி கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று 28 கிராம் என்றால் அதுவே 1.1 கிலோ. கடைசியில் ஆறு வகைதான் தண்ணீரைப் பார்க்கும். லென் தொம்சன் கரண்டி, மஞ்சளில் சிவப்பு வைரம் போட்டது, நான்கு. சிவப்பு வெள்ளை டேர்டெவில் நான்கு. பாசிக்குள் இழுக்க ஜோன்சன் சில்வர் மினோ, ¾ அவுன்ஸ், மூன்று. 5ஆம் இலக்க மெப்ஸ் சுழலி இரண்டு. இழுத்து நிறுத்தினால் அந்த ஆழத்திலேயே நிற்கிற ஜேர்க்பெய்ட், 5 அங்குலம் அளவில், மூன்று. 6 முதல் 8 அங்குல மென்மையான பிளாஸ்டிக் மீன், ஒரு பொதி. ஜூனில் வேகமாக ஓடுகிற தூண்டிலைவிட இந்தக் கடைசி இரண்டும்தான் கூடக் கை கொடுக்கும். குளிர்ந்த மீன் துரத்தாது, மூக்கடியில் நின்றால் வாயைத் திறந்து கவ்வும்.

மீன் கிடப்பதைக் கண்டால் அதன் மேலே எறியாதீர்கள். 2, 3 மீட்டர் தள்ளி, அதற்கு முன்னால் விழவேண்டும். பைக்கின் கண் மேல்நோக்கியே பார்க்கும். தூண்டில் அதன் தலைமட்டத்துக்குச் சற்று மேலே போகட்டும், அடியில் போனால் காணாது. தலை மெல்லத் தூண்டில் பக்கம் திரும்பினால் நிறுத்துங்கள். செட்டை விசிறத் தொடங்கினால் ஒரு சின்ன இழுப்பு. நிழல் மீனின் மேல் விழாமல் நில்லுங்கள். பொலரைஸ்ட் கண்ணாடி செம்பு நிறத்தில் இருக்கட்டும், கறுத்த சேற்றில் கிடக்கிற பச்சை முதுகைச் சாம்பல் கண்ணாடி காட்டாது.

விரால்வேட்டை:
படகு வரைக்கும் பின்தொடர்ந்து வந்துட்டு கடிக்காம நிக்கற மீனுக்கு: தூண்டிலைத் தூக்கிடாதீங்க. லீடர் தடி நுனிக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும்போதே தடி நுனியைத் தண்ணிக்குள்ள ஒரு முழம் இறக்கி, அகலமா எட்டு போடுங்க. ஊர்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பைக்குக்கு எட்டு போட்ட மாதிரியேதான். வளைவு குறுகலா இருந்தா 40 அங்குல உடம்பு திரும்பாது, விட்டுட்டுப் போயிடும். கடிச்சா கட்டை விரல் ஸ்பூல் மேல லேசா இருக்கட்டும். அவ்வளவு குட்டை நூல்ல டிராக் இறுகியிருந்தா கொக்கி பிடுங்கிட்டு வந்துடும்.

கரைவலை:
கொக்கியில் பின்னோக்கிய முள் இல்லாமல் இருக்கவேண்டும் என்கிறார்களே, எல்லாவற்றையும் புதிதாக வாங்கவேண்டுமா?

வெள்ளிக்கரண்டி:
தேவையில்லை. மனிரோபாவில் 1990இலிருந்து முள்ளில்லாக் கொக்கி கட்டாயம். ஏற்கெனவே இருக்கிற முள்ளை முழுவதும் நசுக்கிவிட்டாலும் சட்டப்படி சரி. தட்டையான வாய்க் குறடால் மெதுவாக அமத்துங்கள். ஒரேயடியாக நெரித்தால் மலிவுக் கொக்கியின் நுனியே முறிந்துவிடும். பழைய பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள், இழை மாட்டினால் இன்னும் முள் இருக்கிறது என்று அர்த்தம். இதை வீட்டிலேயே, புறப்படுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

கரண்டியில் உள்ள மும்முனைக் கொக்கியைக் கழற்றி 5/0 அளவில் ஒற்றைக் கொக்கி போட்டால் இன்னும் உத்தமம். தவறவிடுகிற மீன் கொஞ்சம் கூடும் என்கிறார்கள். ஒற்றைக் கொக்கி ஆழமாகப் பதியும் என்பதால் நூல் தளராமல் வைத்திருந்தால் அப்படி ஒன்றும் அதிகரிக்காது. மீனைக் கழற்ற எடுக்கும் நேரம் பாதியாகும்.

லைசன்ஸ் இணையத்திலேயே எடுக்கலாம், உங்களுக்கு மாகாணத்துக்கு வெளியே வசிக்கிற கனேடியர் என்ற பிரிவு. ஆனால் ஒன்று கவனம்: ஏரியின் வடபாகம் அடுத்த நிர்வாகப் பிரதேசமான நுனாவுட்டுக்குள் கிடக்கிறது. படகு 60ஆம் கோட்டைத் தாண்டினால் மனிரோபா லைசன்ஸ் செல்லாது, நுனாவுட்டின் லைசன்ஸ் வேறாக வேண்டும். லொட்ஜ் அந்தப் பக்கம் கூட்டிப்போகுமா என்று கேட்டு வையுங்கள். எந்த அளவுக்கு மேல் மீனை வைத்திருக்கக் கூடாது என்பது அந்தந்த வருஷத்துக் கையேட்டில் இருக்கும், பழைய பதிவுகளை நம்பவேண்டாம்.

நீலக்கொக்கு:
மீனைக் கையாளறதைப் பத்தி யாரும் எழுதலையே. 40 அங்குல மீன் அந்தக் குளிர்ல வளர 15, 20 வருஷம் ஆகும். அதைப் படகுத் தரையில போட்டு உதறவிட்டா கதை முடிஞ்சது.

கருவிகள்: ரப்பர் பூசின வலை, 11 அங்குல நீள மூக்குக் குறடு, கொக்கியை வெட்டற பலமான கட்டர், வாயைத் திறந்து பிடிக்கற சின்ன ஸ்பிரெடர். கட்டர் இல்லாம யாரும் கிளம்பாதீங்க. வலை தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், மீனும் அதுக்குள்ளயே இருக்கட்டும். குனிஞ்சு, அங்கயே கொக்கியைக் கழட்டுங்க. தொண்டையில ஆழமா மாட்டியிருந்தா வாய் வழியா போராடாதீங்க. செவுள் மூடியைத் தூக்கி அந்தப் பக்கமா கட்டரை விட்டு கொக்கியை ரெண்டா வெட்டிடுங்க. ஒரு கொக்கி என்ன விலை!

போட்டோவுக்குத் தூக்கும்போது: நாலு விரலையும் செவுள் மூடிக்கு உள்பக்கமா, மூடியை ஒட்டினாப்ல தாடை நுனிப் பக்கம் நகர்த்துங்க. சிவப்புச் செவுளைத் தொடக்கூடாது, அதோட உள்விளிம்புல இருக்கற முள்ளு உங்க விரலையும் கிழிக்கும். இன்னொரு கை வயித்துக்கு அடியில, மலத்துவாரத்துப் பக்கம். மீன் கிடையா இருக்கணும். தாடையில தராசை மாட்டி செங்குத்தாத் தொங்கவிடறது வேண்டவே வேண்டாம், 20 பவுண்டும் கழுத்து மூட்டுலதான் இறங்கும். கேமரா தயார்னு சொன்ன பிறகுதான் தூக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்குங்க, உங்களுக்கு முட்டினா மீனுக்கும் முட்டுதுன்னு அர்த்தம்.

விடும்போது வால் காம்பைப் பிடிச்சு நிமிர்த்தி வச்சா போதும். முன்னும் பின்னும் ஆட்டாதீங்க, பின்னாடி இழுக்கும்போது தண்ணி செவுள் வழியா தப்புத் திசையில போகும்.

குசினிக்காரன்:
சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதாலை நான் வாறன். மத்தியானம் கரையிலை ஒதுங்கி மீன் பொரிக்கிறது அங்கத்தை வழக்கம். அதுக்கு 55, 60 சென்றிமீற்றர் குட்டி பைக் காணும், பெரிசைத் தொடாதேங்கோ. கைட்மார் (வழிகாட்டிகள்) கனபேர் பன்றிக் கொழுப்பிலைதான் பொரிப்பினம். வேண்டாம் எண்டால் முன்பதிவு செய்யேக்கையே மரக்கறி எண்ணெய் கேளுங்கோ. அங்கை போய்க் கேட்டால் பக்கத்திலை கடை இல்லை. சைவச் சாப்பாடு, ஹலால் எல்லாம் அதே கடிதத்திலை எழுதிவிடுங்கோ.

பைக் முள்ளு மீன் எண்டு ஒதுக்கிறது வெட்டத் தெரியாததாலை. ஒவ்வொரு பக்கத்திலும் ஆங்கிலத்து Y எழுத்து மாதிரி ஒரு வரிசை முள்ளு முதுகுச் சதைக்குள்ளை நிக்கும். வெட்டுற முறை இது. மீனை வயிறு கீழை இருக்க வையுங்கோ. தலைக்குப் பின்னாலை நடுமுள் வரை வெட்டி, கத்தியைச் சரிச்சு, நடுமுள்ளுக்கு மேலாலை முதுகுச் செட்டை வரை ஓட்டி எடுங்கோ. ஒரு துண்டு வந்திட்டுது, முள்ளே இல்லை. இப்ப வெட்டின இடத்திலை இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளி வரிசை தெரியும், அதுதான் முள்ளு நுனி. விரலாலை தடவினால் குத்தும். அந்தப் புள்ளிக்கு வெளிப்பக்கமாகக் கத்தியை இறக்கி, முள்ளின்ரை வளைவோடை போய், விலா எலும்புக்கு மேலாலை வயிறு வரை சீவுங்கோ. இரண்டு பக்கமும் இரண்டு துண்டு. செட்டைக்குப் பின்னாலை வால்ப் பக்கம் அந்த முள்ளு இல்லை, சும்மா இரண்டு பக்கமும் சீவலாம். மொத்தம் ஐந்து துண்டு. கடைசியிலை தோலை உரியுங்கோ, கொழகொழப்பு எல்லாம் அதோடை போய்விடும்.

உப்பு, மஞ்சள், யாழ்ப்பாணத்துத் தூள், தேசிக்காய்ப் புளி பிரட்டி 20 நிமிஷம் வைச்சுப் பொரிச்சால் கைட்டும் இரண்டாந்தரம் கேட்பான். தூளை இறுக்கமான போத்திலிலை கொண்டுபோங்கோ. ஒண்டு மட்டும்: பச்சையாகவோ அரை வேக்காடாகவோ சாப்பிடக் கூடாது. பைக் சதையிலை நாடாப்புழுக் குடம்பி இருக்கும். நல்லா வெந்தால் ஒரு பயமும் இல்லை. வெட்டின கழிவைக் கரையிலை விடாதேங்கோ, கரடி வரும்.

கரைவலை:
கரடி என்றதும் ஞாபகம் வந்தது. பெப்பர் ஸ்ப்ரே கொண்டுபோகலாமா?

விரால்வேட்டை:
விமானத்துல முடியாது. கைப்பையிலயும் தடை, செக்-இன்லயும் தடை. லொட்ஜ்ல கிடைக்குமான்னு கேளுங்க. அடுப்பு கேஸ் டப்பாவும் அதே கதிதான். பவர் பேங்க் கைப்பையில மட்டும். கொக்கி, குறடு, கத்தி எல்லாம் செக்-இன்ல போடுங்க.

வின்னிபெக் வர்ற அன்னிக்கே வடக்கே போற சார்ட்டர் விமானத்தைப் பிடிக்கற மாதிரி டிக்கெட் போடாதீங்க. ஒரு ராத்திரி அங்க தங்குங்க. திரும்பும்போதும் அதே மாதிரி, மூடுபனி இறங்கினா ஃப்ளோட் ப்ளேன் வராது. பிரஷர், சர்க்கரை மாத்திரை மூணு நாளைக்குக் கூடுதலா எடுத்துக்குங்க, அதுவும் கைப்பையில. ஒன்டாரியோக்காரங்க பயணக் காப்பீடு எடுத்தே ஆகணும். வேற மாகாணத்துல ஏர் ஆம்புலன்ஸ் ஏத்தினா ஓஹிப் (ஒன்டாரியோ அரசோட மருத்துவக் காப்பீடு) அந்தச் செலவைத் தராது.

50 பவுண்டுல தூண்டில் பெட்டி, கருவி எல்லாம் சேர்த்து 12 பவுண்டைத் தாண்டவேண்டாம். மழைக்கோட்டுல கஞ்சத்தனம் கூடாது. காலையில 3 டிகிரி, 30 கிலோமீட்டர் வேகத்துல திறந்த படகு, தூறல். இதுக்கு நடைப்பயிற்சி விண்ட்சீட்டர் தாங்காது. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயாது.

நீலக்கொக்கு:
கொசுவுக்கும் கறுப்பு ஈக்கும் தலைவலை அவசியம். வெளிர் நிறச் சட்டை போடுங்க, கறுப்பு ஈ அடர் நிறத்தைத் தேடி வரும். சட்டைக் கையை பட்டன் போட்டு மூடுங்க, இடுக்குல ஊர்ந்து போய்த்தான் கடிக்கும். பூச்சி விரட்டி டீட் 30 சதவீதம் போதும். உள்ளங்கையில தடவாதீங்க, புறங்கையால முகத்துல ஒத்திக்கங்க. பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கண்ணாடி லென்ஸும் ரப்பர் மீனும் பிசுபிசுன்னு ஆயிடும்.

கரைவலை:
லொட்ஜ் பதில் அனுப்பிவிட்டது, தேதிகள் ஜூன் கடைசிக்குச் சாதகமாகத்தான் இருக்கின்றன. கடைசிக் கேள்வி: 104 சென்றிமீற்றர், அதாவது 41 அங்குலம் வந்தால் மனிரோபாவின் மாஸ்டர் ஆங்க்ளர் (பெரிய மீன் பிடித்தவர்களுக்கான) பதிவு கிடைக்கும் என்று வாசித்தேன். சுவரில் மாட்ட ஃபைபர்கிளாஸ் பிரதியும் செய்ய ஆசை. மீனைக் கொல்லாமல் சுற்றளவை எப்படி எடுப்பது?

வெள்ளிக்கரண்டி:
நீளத்துக்கு, ஓரம் மடிந்த அளவுப் பலகையை நனைத்துவிட்டு மீனை வையுங்கள். மூக்கு ஓரத்தில் முட்டவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும், வாலின் இரு கதுப்பையும் சேர்த்துப் பிடியுங்கள். பலகையில் மீன் கிடக்கும்போதே ஒரு படம்.

சுற்றளவுக்கு நாடாவைத் தேடி நேரம் போக்காதீர்கள். ஒரு முழப் பிரெய்ட் துண்டு முன்கூட்டியே சட்டைப்பையில் இருக்கட்டும். மீன் வலைக்குள் தண்ணீரில் இருக்கும்போதே முதுகுச் செட்டைக்குச் சற்று முன்னால், வயிறு தடித்த இடத்தில் அதைச் சுற்றி, சந்திக்கிற இடத்தை நகத்தால் பிடித்து வெட்டுங்கள். மீனை விட்டபிறகு ஆறுதலாக அந்தத் துண்டைப் பலகையில் வைத்து அளக்கலாம். பிரதி செய்கிறவருக்கு இரண்டு எண்ணோடு பக்கவாட்டுப் படம் ஒன்றும், செட்டைகளைக் கிட்ட எடுத்த படம் ஒன்றும் வேண்டும். புள்ளிகள் ஒவ்வொரு மீனுக்கும் வேறு.

குசினிக்காரன்:
ஒரு முழம் காணாது, தம்பி. 20 அங்குலச் சுற்றளவு எண்டால் முடிச்சுப் பிடிக்க மிச்சம் வேணுமே. ஒண்டரை முழம் வெட்டி வையுங்கோ.